மோட்டர் ஓடுது, தண்ணி ஏறேல்லை: வன்னி வீடுகளின் தண்ணி லைன் கோளாறுகள்

கேட்ட கேள்வி இது. ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு வீடு. 30 அடிக் கட்டுக்கிணறு, கிணற்றடியில் 1 குதிரைவலு மோட்டர், 1000 லீற்றர் தாங்கி, அதிலிருந்து குசினிக்கும் குளியலறைக்கும் லைன். ஆவணி பிறந்ததிலிருந்து மோட்டர் ஓடுகிறது, தண்ணீர் சரியாக ஏறுவதில்லை. ஏறினாலும் தாங்கியில் விட்டுவிட்டுத்தான் கொட்டுகிறது. குசினிப் பைப்பில் நூல் போல வருகிறது, குளியலறையில் பரவாயில்லை. கடையில் ஒன்றரைக் குதிரைவலு மோட்டர் எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

எடுக்க வேண்டாம். நீங்கள் சொன்னதில் இரண்டு வேறு கோளாறுகள் இருக்கின்றன. இரண்டையும் பெரிய மோட்டர் தீர்க்காது.

வீட்டு லைன் எதுவானாலும் அதை மூன்று துண்டாகப் பிரித்துப் பாருங்கள். கிணற்றிலிருந்து மோட்டர் வரை உறிஞ்சும் பக்கம். மோட்டரிலிருந்து தாங்கி வரை தள்ளும் பக்கம். தாங்கியிலிருந்து வீட்டுப் பைப்புகள் வரை இறங்கும் பக்கம். கோளாறு எந்தத் துண்டில் என்று தெரியாமல் பைப்புகளை இணைக்கும் ஒரு சொக்கற்றைக்கூடக் கழற்றக் கூடாது. தள்ளும் பக்கத்திலும் இறங்கும் பக்கத்திலும் ஓட்டை விழுந்தால் தண்ணீர் வெளியே வரும், நிலம் ஈரமாகும், ஆர் கண்ணிலும் படும். உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை விழுந்தால் ஒரு சொட்டும் வெளியே வராது. மோட்டர் ஓடும்போது காற்றுத்தான் உள்ளே போகும். பைப் வெளியில் காய்ந்தபடியே இருக்கும், பழி மோட்டரில் விழும். நல்ல மோட்டர்கள் பழைய இரும்புக்குப் போவது இப்படித்தான்.

முதலில் அளக்க வேண்டியது ஆழம். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, மோட்டரின் வாயிலிருந்து தண்ணீர் மட்டம் வரை எத்தனை அடி என்று பாருங்கள். தரையில் வைத்த மோட்டர் தண்ணீரை இழுப்பதில்லை. அது பைப்புக்குள் காற்றழுத்தத்தைக் குறைக்க, வெளியே இருக்கும் காற்றழுத்தம் தண்ணீரை மேலே தள்ளுகிறது. கணக்குப்படி அந்த அழுத்தத்தால் 34 அடிதான் தூக்க முடியும். பைப்பின் உராய்வு, வால்வு, வெப்பம் எல்லாம் கழித்தால் நடைமுறையில் 25 அடி. சின்ன வீட்டு மோட்டர் தேய்ந்திருந்தால் 20 அடியிலேயே திணறும். இந்த எல்லை அரைக் குதிரைவலுவுக்கும் ஒன்றரைக் குதிரைவலுவுக்கும் ஒன்றுதான். குதிரைவலு கூடினால் மேலே தள்ளும் உயரமும் வரும் அளவும் கூடும். உறிஞ்சும் ஆழம் கூடாது.

வன்னியில் கிணற்று மட்டம் மாரியில் கைக்கெட்டும் தூரத்துக்கு வரும். ஆவணி, புரட்டாதியில் அடிக்குப் போகும். உங்கள் 30 அடிக் கிணற்றில் இப்போது 4 அடித் தண்ணீர் நின்றால் மட்டம் 26 அடியில். மோட்டர் 1 அடிக் கட்டில் இருந்தால் 27 அடி. ஏறாது. அந்த நிலையில் புட்வால்வை, அதாவது உறிஞ்சும் பைப்பின் அடி நுனியில் தண்ணீரைத் திரும்பக் கிணற்றுக்குள் விடாமல் மறிக்கும் வால்வை, இன்னும் கீழே இறக்குவதும் உதவாது. கணக்கு தண்ணீர் மட்டத்திலிருந்துதான், புட்வால்விலிருந்து அல்ல. புட்வால்வு தண்ணீருக்கு வெளியே தெரிந்தால் அல்லது மேற்பரப்பை ஒட்டி நின்று சுழியோடு காற்றை இழுத்தால் மட்டும் இறக்க வேண்டும். மேற்பரப்பிலிருந்து 2 அடி கீழே, அடிச் சேற்றிலிருந்து ஒன்றரை அடி மேலே அது நிற்கட்டும்.

ஆழந்தான் காரணமென்றால் வழி இரண்டு. கிணற்றின் உட்சுவரில் 8 அல்லது 10 அடிக்குக் கீழே இரும்புக் கேடரில் தட்டு அமைத்து மோட்டரை அங்கே இறக்கலாம். ஆனால் ஐப்பசி மழைக்கு முன் திரும்ப மேலே தூக்க வேண்டும். மறந்தால் ஒரு இரவு மழையில் மோட்டர் மூழ்கும். மற்றது, தண்ணீருக்குள் இறக்கும் மோட்டர். அது தள்ளும், உறிஞ்சாது, அதனால் 25 அடிக் கட்டுப்பாடு அதற்கு இல்லை. கோடையில் மட்டம் குறைந்து தண்ணீர் இல்லாமல் ஓடினால் கெட்டுவிடும் என்பதால் மட்டம் பார்த்து நிறுத்தும் சுவிட்சும் சேர்த்தே பூட்டுங்கள். எதற்காகவும் பெற்றோல், மண்ணெண்ணெய் மோட்டரைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டாதீர்கள். அதன் புகையில் வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் நிறமும் இல்லை. கிணற்றுக்குள் அது தேங்கி நிற்கும். இறங்கியவர் மயங்கி விழ, தூக்கப் போனவரும் சேர்ந்து சாகிற விபத்து இது.

ஆழம் 20 அடிக்குள் இருந்தும் ஏறாவிட்டால் காற்று புகுகிறது, அல்லது புட்வால்வு தண்ணீரை விடுகிறது. இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. மோட்டரின் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். தள்ளும் பக்கத்து வால்வை மூடுங்கள். மோட்டரின் மேல் தண்ணீர் ஊற்றும் துவாரத்தில் 3 அடிப் பைப் துண்டொன்றை நிமிர்த்திப் பூட்டி, அதன் வாய் வரை தண்ணீர் நிரப்புங்கள். 10 நிமிடம் பொறுங்கள். மட்டம் அசையாவிட்டால் உறிஞ்சும் பக்கம் நல்லது. மட்டம் இறங்கி, ஏதாவது மூட்டில் நீர் கசிந்து முத்து முத்தாகத் தெரிந்தால் அந்த இடத்தில்தான் காற்று புகுகிறது. மட்டம் இறங்குகிறது, மூட்டெல்லாம் காய்ந்திருக்கிறது என்றால் புட்வால்வு. சில வேளை மோட்டருக்கும் பம்புக்கும் நடுவில், தண்டைச் சுற்றித் தண்ணீர் சொட்டும். அது தண்டு வழியாகத் தண்ணீர் வெளியேறாமல் மறிக்கும் மெக்கானிக்கல் சீல் போனதற்கு அடையாளம். அந்த வழியாகவும் காற்று போகும்.

புட்வால்வைக் கழற்றினால் உள்ளே மூடியும் அதன் றப்பர் வாசரும் இருக்கும். அநேகமாக ஒரு பரலோ, இலைத் தண்டோ, சுண்ணாம்புப் படிவோ மூடியைச் சரிய விட்டிருக்கும். வினாகிரியில் ஊறவைத்துப் பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, வாசர் பிளந்திருந்தால் மாற்றிப் பூட்டினால் போதும். உள் இருக்கை அரித்திருந்தால் முழு வால்வையும் மாற்றுங்கள். பிளாஸ்ரிக்கை விடப் பித்தளை நெடுங்காலம் நிற்கும்.

மூட்டுகளில் அதிகம் பழுதாவது மோட்டர் வாயில் பூட்டிய பி.வி.சி. வால்வு சொக்கற், அதாவது ஒரு பக்கம் மரை வைத்த சொக்கற். தண்ணீர் இல்லாமல் மோட்டர் 10 நிமிடம் ஓடினால் பம்புக்குள் மிஞ்சியிருக்கும் தண்ணீர் கொதிக்கும் அளவுக்குச் சூடேறும். அந்தச் சூட்டில் பி.வி.சி. மரை இளகி உருக்குலையும். ஆறினதும் பார்த்தால் ஒன்றும் தெரியாது, கையால் ஆட்டினால் லேசாக ஆடும். அதற்குப் பிறகு மரையில் எவ்வளவு ரேப் சுற்றினாலும் காற்று போகும். மோட்டர் வாயில் முதலில் இரு முனையும் மரை வைத்த அரை அடி இரும்பு நிப்பிள், அதற்கடுத்துக் கழற்றிப் பூட்டக்கூடிய மூட்டான யூனியன், அதற்குப் பிறகுதான் பி.வி.சி. என்று வையுங்கள். நிப்பிள் சூட்டைத் தாங்கும், யூனியன் இருந்தால் பைப்பை வெட்டாமல் மோட்டரைக் கழற்றலாம்.

உறிஞ்சும் பைப் மோட்டரின் வாயளவைவிடச் சிறுக்கக் கூடாது. வாய் 1 இஞ்சி, கிணறும் மோட்டரும் 15 அடிக்கு மேல் தள்ளி என்றால் ஒன்றேகால் இஞ்சி, அதாவது 40 மில்லிமீற்றர் பைப் போடுங்கள். கிணற்றுக் கட்டிலிருந்து மோட்டர் வரை பைப் சீராக மேல்நோக்கியே வர வேண்டும். இடையில் கூன் விழுந்தால் அந்தக் கூனில் காற்று தங்கும். ஊற்றி ஊற்றி நிரப்பினாலும் மோட்டர் பிடிக்காது.

மோட்டர் உறுமுகிறது, சுற்றவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். ஒரு நிமிடம் விட்டால் சுருள் எரியும். பின்னேரங்களில் 230 வோல்ற் வர வேண்டிய இடத்தில் 180 வந்தாலும் இப்படித்தான் உறுமும். காலையில் ஓடி இரவில் உறுமினால் காரணம் மின்சாரம். எப்போதும் உறுமினால், மெயினை நிறுத்திப் பின் மூடியைக் கழற்றி விசிறியைக் கையால் சுற்றுங்கள். இறுகியிருந்தால் நெடுநாள் ஓடாமல் கிடந்து துருப்பிடித்திருக்கிறது. லேசாகச் சுற்றினால் மோட்டரைச் சுற்றத் தொடக்கும் கப்பாசிற்றர் போயிருக்கும். புதியதில் பழையதில் அச்சிட்ட அதே மைக்ரோபரட் எண்ணும், அதே அளவோ கூடவோ வோல்ற் எண்ணும் இருக்க வேண்டும். பழையதைக் கையால் தொடுமுன் அதன் இரு முனையையும் மின்குமிழொன்றால் இணைத்து மின்னை இறக்கிவிடுங்கள். மெயின் நிறுத்திய பிறகும் அதில் மின் நிற்கும்.

தள்ளும் பக்கத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பம்பின் வாயில் தண்ணீரைத் திரும்ப விடாத ஒரு நொன்றிற்றேன் வால்வும் அதற்கு மேல் திறந்து மூடும் ஒரு கேற் வால்வும் போதும். நிறுத்தும்போது டொம் என்று பைப் அதிர்ந்தால் பைப்பைச் சுவரோடு 3 அடிக்கொரு கிளிப் போட்டு இறுக்குங்கள். மோட்டர் நல்லாக இருக்கும்போது 1000 லீற்றர் தாங்கி நிரம்ப எத்தனை நிமிடம் என்று சுவரில் எழுதி வையுங்கள். அந்த நேரம் மூன்றிலொரு பங்கு கூடினால் ஏதோ அடைக்கிறது அல்லது காற்று புகுகிறது. தண்ணீர் நிற்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

இனிக் குசினிப் பைப். குளியலறையில் வருகிறது, குசினியில் வரவில்லை என்பதால் தாங்கியும் பொதுக் குழாயும் நல்லது. குசினிக்குப் பிரியும் கிளையில்தான் கோளாறு. முதலில் திறந்து மூடும் பைப்பின் நுனியில் இருக்கும் வலையைத் துணி சுற்றிக் கையால் கழற்றுங்கள். எங்கள் கிணறுகள் அநேகமாகக் கல்லுத் தண்ணீர்க் கிணறுகள். கேத்திலில் படிகிற அதே வெள்ளைதான் வலையிலும் படிகிறது. வினாகிரியில் இரவு ஊறப் போட்டால் கரையும். வலை இல்லாமலும் நூல் போல வந்தால் சிங்கின் கீழ் இருக்கும் சின்ன வால்வைப் பாருங்கள். அதுவும் நல்லதென்றால் காற்றடைப்பு.

எங்கள் பக்கத்து வீடுகளில் காற்றடைப்பு மலிந்ததற்குக் காரணம் உண்டு. மீள்குடியேற்றத்துக்குப் பின் எழும்பின வீட்டுத்திட்ட வீடுகள் பலவற்றில் தண்ணி லைன் பிறகு சேர்த்தது. சுவருக்குள் போக இடமில்லாமல் பைப் கதவுநிலைக்கு மேலால் ஏறி மறுபக்கம் இறங்கும். தாங்கி வெறுமையாகித் திரும்ப நிரம்பும்போது அந்த மேட்டில் காற்று சிக்கும். தாங்கித் தண்ணீருக்கு அதைத் தள்ளப் பலமில்லை. உங்கள் தாங்கியின் அடி 12 அடி உயரத்தில், பைப் 3 அடியில் என்றால், தாங்கிக்குள் நிற்கும் 3 அடியையும் சேர்த்துக் கிடைப்பது 12 அடித் தண்ணீரின் அழுத்தம், சுமார் 5 பி.எஸ்.ஐ. (சதுர இஞ்சிக்கு 5 இறாத்தல்) மட்டும். காற்றை வெளியேற்ற, மோட்டரின் தள்ளும் பக்கத்தில் உள்ள பைப்பிலிருந்து ஒரு ஹோஸை எடுத்துக் குசினிப் பைப்பின் வாயில் கிளிப் போட்டு இறுக்குங்கள். வீட்டின் மற்றப் பைப்புகளை மூடி, குசினிப் பைப்பைத் திறந்து, 1 நிமிடம் மோட்டரை ஓட்டுங்கள். தண்ணீர் பின்னோக்கிப் போய்க் காற்றைத் தாங்கிக்குத் தள்ளிவிடும். நிரந்தரமாகத் தீர்க்க, தாங்கியின் வெளி வால்வுக்கு அடுத்து மூன்று வாய் உள்ள ஒரு ரீ மூட்டு வைத்து, அதிலிருந்து அரை இஞ்சிப் பைப்பைத் தாங்கியின் மூடிக்கு மேல் உயரும்படி ஏற்றி, நுனியைக் கீழ்நோக்கி வளைத்துக் கொசுவலை கட்டுங்கள். லைனின் மேடான இடத்தில் காற்று விடும் வால்வு ஒன்றும் வைக்கலாம்.

இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் பைப்பின் அளவுதான் எல்லாம். தாங்கியிலிருந்து 1 இஞ்சி, கிளைகள் முக்கால் இஞ்சி, திறந்து மூடும் பைப்புக்கு வரும் கடைசி 2 அடி மட்டும் அரை இஞ்சி. முழு லைனையும் அரை இஞ்சியில் இழுத்துவிட்டுத் தாங்கியை உயர்த்தப் பார்ப்பது காசுக்குக் கேடு. அதே உயரத்தில் முக்கால் இஞ்சி ஏறக்குறைய இரட்டிப்புத் தண்ணீர் தரும். பைப் வாங்கும்போது அதன் மேல் எஸ்.எல்.எஸ். 147 என்ற அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் குடிநீருக்கான பி.வி.சி. தரம்.

ஒட்டும் வேலையில் அவசரப்படுவதால்தான் ஒரே இடம் இரண்டாம் முறையும் கசிகிறது. பைப்பை நேராக வெட்டி, உள்ளும் புறமும் பிசிறைச் சுரண்டுங்கள். சொக்கற்றின் ஆழத்தைப் பைப்பில் பென்சிலால் குறியுங்கள். இரண்டு பக்கமும் துடைத்துக் காயவிட்டு, பைப்பில் தாராளமாகவும் சொக்கற்றுக்குள் மெல்லிதாகவும் கம் பூசுங்கள். உள்ளே அதிகம் பூசினால் கட்டியாகி அரை இஞ்சிப் பைப்பைப் பாதி அடைக்கும். குசினிக் கிளை முதல் நாளிலிருந்தே மந்தமென்றால் இதையும் சந்தேகியுங்கள். குறி வரை தள்ளிக் கால் சுற்றுத் திருப்பி 30 விநாடி பிடியுங்கள். மத்தியான வெயிலில் கம் பூசும்போதே காய்ந்துவிடும், விடியக் காலையில் செய்யுங்கள். மோட்டர் பக்கத்து மூட்டு 24 மணித்தியாலம் காயட்டும். வால்வை மூடியும் சொட்டிக்கொண்டே இருக்கும் லைனில், பாணின் வெள்ளைப் பகுதியை உருட்டிப் பைப்புக்குள் அரை அடி உள்ளே தள்ளுங்கள். ஒட்டிக் காயும் வரை அது தண்ணீரை மறிக்கும், பிறகு கரைந்து வலை கழற்றிய பைப் வழியாக வெளியேறிவிடும். பைப்பை நெருப்பில் காட்டி வாயை விரித்து இன்னொன்றைச் செருகும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். விரிந்த இடத்தில் சுவர் மெலிந்து, முதலில் வெடிப்பது அதுதான். ஒரு சொக்கற்றின் விலை அதைவிடக் குறைவு.

மரைக்குச் சுற்றும் ரேப்பை, மரையின் வாய் உங்களைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு மணிக்கூடு சுற்றும் திசையில் 10 சுற்று இழுத்துச் சுற்றுங்கள். பி.வி.சி. மரையைக் கையால் இறுக்கி, பிறகு ஒரு சுற்றுக்கு மேல் ரெஞ்சால் திருகாதீர்கள். பித்தளைப் பைப் பூட்டும் இடத்தில் உள்ளே பித்தளை மரை வைத்த சொக்கற் போடுங்கள். வெறும் பி.வி.சி. சொக்கற் அன்றைக்குப் பிளக்காவிட்டாலும் அடுத்த கோடையில் பிளக்கும்.

கசிவு எங்கே என்று தெரியாமல் தாங்கி இரவில் குறைந்தால், படுக்குமுன் தாங்கியின் வெளி வால்வை மூடி மட்டத்தைக் குறியுங்கள். விடியவும் குறைந்திருந்தால் தாங்கியே கசிகிறது. குறையாவிட்டால் லைன் அல்லது மலசலகூடத்துச் சிஸ்ரேன். சிஸ்ரேனுக்குள் உடுப்புக்குப் போடும் நீலத்தைக் கொஞ்சம் கரைத்து விட்டு அரை மணித்தியாலம் தண்ணீரைத் திறந்து விடாமல் பாருங்கள். கோப்பையில் நீலம் தெரிந்தால் அடி வாசரை மாற்ற வேண்டும். விநாடிக்கு ஒரு சொட்டு விழும் பைப்கூட ஒரு நாளில் 15 முதல் 20 லீற்றர் வரை குடித்துவிடும். புரட்டாதியில் பவுசருக்கு வாளி வைத்துக் காத்திருக்கும் ஊரில் அது சின்ன அளவல்ல.

வெளியில் தெரியும் பைப் வெயிலில் நொறுங்கும். குரங்கு தொங்கி உடைக்கும், அணில் கடிக்கும். வெள்ளை அல்லது சாம்பல் பெயின்ற் பூசி, தாங்கி மூடியைக் கம்பியால் கட்டுங்கள். நிலத்துக்குள் ஒன்றரை அடி ஆழம், உழவு இயந்திரம் போகும் பாதையில் 2 அடிக்கு மேல். களிமண் கோடையில் வெடித்துப் பைப்பை இழுக்கும், ஆகவே பைப்பின் கீழும் மேலும் 3 இஞ்சி மணல் போடுங்கள். கிடங்கு வெட்டும்போது துருப்பிடித்த இரும்புப் பொருள் ஏதாவது தட்டுப்பட்டால் தொடாமல், மண்வெட்டியை அங்கேயே வைத்துவிட்டு விலகிப் பொலிசுக்குச் சொல்லுங்கள். கண்ணிவெடி அகற்றித் துப்புரவாக்கிய காணி என்று நினைத்துக் கை வைக்காதீர்கள்.

வெள்ளம் வந்து கிணற்றுக் கட்டைத் தாண்டினால், கிணற்றை இறைத்து, குளோரின் போடுவதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுச் செய்யுங்கள். தாங்கியையும் லைனையும் நீங்களே செய்யலாம். அடிச் சேற்றைக் கழுவி வெளியேற்றி, 1000 லீற்றர் நிரப்பி, 5 வீதக் குளோரின் திரவம் 1 லீற்றர் விடுங்கள். ஒவ்வொரு பைப்பிலும் குளோரின் மணம் வரும் வரை திறந்து மூடி 24 மணித்தியாலம் வைத்து, முழுவதையும் வெளியே விட்டு இரண்டு தரம் அலசுங்கள். அந்தத் தண்ணீர் பயிருக்கும் கிணற்றுக்கும் போகக் கூடாது. குளோரினோடு அசிட்டோ வினாகிரியோ ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சுப் புகை வரும்.

குடிக்கிற தண்ணீரைப் பற்றி ஒன்று. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், கல்லுத்தன்மையில் ஒரு பகுதி கேத்திலில் படியும், ஆனால் புளோரைட் போகாது. வற்றக் காய்ச்சினால் செறிவு கூடும். வவுனியா உட்பட வறண்ட வலயக் கிணறுகளில் புளோரைட் பிரச்சினை தெரிந்ததே. இலங்கைத் தரத்தின்படி லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. நீர் வழங்கல் சபையின் ஆய்வுகூடத்தில் ஒரு போத்தல் கொடுத்துப் பார்த்துவிட்டு, கூடுதலென்றால் குடிக்கவும் சமைக்கவும் நுண்சவ்வால் வடிகட்டிய ஆர்.ஓ. தண்ணீரைப் பாவியுங்கள். பைப்பில் பூட்டும் சாதாரண வடிகட்டி மண்ணையும் துருவையும்தான் பிடிக்கும்.

ஹார்ட்வெயார் கடை தூரமென்றால் இவை வீட்டில் இருக்கட்டும்: முக்கால் இஞ்சியிலும் 1 இஞ்சியிலும் சொக்கற் இரண்டிரண்டு, எல்போ ஒவ்வொன்று, அடைப்பு மூடி ஒவ்வொன்று, சின்னக் கம் டின் ஒன்று, ரேப் இரண்டு, புட்வால்வு வாசர், உங்கள் மோட்டரின் அளவுக்கேற்ற கப்பாசிற்றர், பைப் வெட்டும் ஆக்ஸோ பிளேட் ஒன்று. திறந்த கம் டின் சில மாதத்தில் பாகாகும். கட்டியானதைத் தின்னர் விட்டுக் கரைத்துப் பாவிக்காதீர்கள், எறிந்துவிட்டுப் புதியது எடுங்கள்.